தொட்டில் நாளும் பாப்பாவின் மஞ்சளும்

குழு: காவிரிக்கரை வீடு

பவானி அத்தை: செந்தில், 8ஆம் தேதி தொட்டில் போடுவதற்குத் திருவையாற்றில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. பாப்பாவுக்கு மஞ்சள் காமாலை இறங்கவில்லை என்பதை நேற்றிரவு உன் மாமியார் சொல்லித்தான் அறிந்தேன். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை?

செந்தில்: மன்னியுங்கள் அத்தை. பிறக்கும்போதே வயிற்றுக்கு வெளியே வந்திருந்த குடலை உள்ளே வைத்துத் தைத்து 24 நாள்கள் ஆகின்றன. இப்போது இரத்தத்தில் டைரக்ட் பிலிரூபின், அதாவது கல்லீரல் பக்குவப்படுத்திய மஞ்சள் நிறமி, 4 இருக்கிறது.

மணி சித்தப்பா: கீழாநெல்லியை அரைத்துப் பாலில் கொடுங்கள். காலை வெயிலிலும் காட்டுங்கள்.

கீர்த்தனா: சித்தப்பா, தயவுசெய்து வேண்டாம். பிறந்த சில நாள்களில் வரும் மஞ்சள், கல்லீரல் இன்னும் பக்குவப்படாததால் வருவது. அதற்குத்தான் நீல விளக்கு உதவும். பாப்பாவுக்கு வந்திருப்பது, கல்லீரல் பக்குவப்படுத்திய பித்தம் வெளியேற வழியின்றித் தேங்குவதால் வருவது. டைரக்ட் அளவு 1ஐத் தாண்டினாலே அதைக் கவனிக்க வேண்டும். குடல் வேலை செய்யாததால் இத்தனை நாளும் சர்க்கரை, புரதம், கொழுப்பு எல்லாம் டி.பி.என். என்று இரத்தக்குழாய் வழியாகவே போகின்றன. வயிற்றுக்குள் உணவு இறங்காதபோது பித்தம் ஓட மறக்கிறது, சோயா எண்ணெய்க் கொழுப்பு கல்லீரலுக்குச் சுமையாகிறது, குழாயில் கிருமி தொற்றினால் நிலைமை இன்னும் மோசமாகிறது. இப்படி நலிந்த கல்லீரலுக்கு எந்தப் பச்சிலையையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

மணி சித்தப்பா: கல்லீரலும் வெளியே வந்திருந்ததா?

கீர்த்தனா: இல்லை. தொப்புளிலேயே பை போல மூடி வரும் வேறு வகையில் சில வேளை கல்லீரலும் வெளியே வரும். இவளுக்குத் தொப்புளின் வலப்பக்கம், பை இல்லாமல், குடல் மட்டுமே வந்திருந்தது.

ராஜி பெரியம்மா: கிரகணத்தன்று காயத்ரியை வெளியே விடாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

செந்தில்: பெரியம்மா, அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். அவள் இதைப் படிக்கிறாள்.

கீர்த்தனா: கருவுற்ற முதல் சில வாரங்களிலேயே இது நேர்ந்துவிடுகிறது, பெரியம்மா. காயத்ரி அண்ணி எந்தத் தவறும் செய்யவில்லை.

பவானி அத்தை: சரி, இதற்கு வைத்தியம்தான் என்ன?

கீர்த்தனா: தாய்ப்பாலைச் சிறிது சிறிதாகக் குடலுக்குப் பழக்கி, டி.பி.என்.ஐக் குறைத்துக்கொண்டே வருவதுதான் முதன்மையான வைத்தியம். சிலருக்கு மீன் எண்ணெய்க் கொழுப்பு கொடுப்பதும் உண்டு. முழுப் பாலும் செரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மஞ்சள் வடிந்துவிடும். பித்தம் குடலுக்கு இறங்கினால்தான் மலத்தில் நிறம் தெரியும். அண்ணா, மலம் என்ன நிறம்?

செந்தில்: நேற்று வரை களிமண் போல வெளுத்திருந்தது.

பவானி அத்தை: அப்படியானால் மண்டபத்துக்காரரிடம் தள்ளி வைக்கச் சொல்லவா? முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்.

ராஜி பெரியம்மா: நாளைத் தள்ளுவது நல்லதல்ல. பெயரையாவது வைத்துவிடுங்கள்.

மணி சித்தப்பா: வீடு திரும்பட்டும், பிறகு பார்க்கலாம்.

காயத்ரி: பெயரை நான் அவள் காதில் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், பெரியம்மா. பிழிந்து கொடுத்த பாலில் இன்று 3 மில்லி உள்ளே இறங்கி நின்றது. சற்றுமுன் போன மலத்தில் இலேசாக மஞ்சள் தெரிந்தது என்று செவிலியர் காட்டினார்.