சித்தப்பா மகள் தங்கச்சி, மாமன் மகள் முறைப்பொண்ணு: இதுக்கும் மரபணுவா?

பல்லவன்சாலை: பண்பாட்டு மானிடவியல் அறிமுகம்னு ஒரு பதிவு. சித்தப்பா மகளைக் கட்டக் கூடாதுன்னு முன்னோர் மரபணு அறிவாலதான் விலக்கினாங்களாம். எரிச்சலா வருது. சித்தப்பா மகளோ மாமன் மகளோ, நம்மோட பொதுவா இருக்கிற மரபணு சராசரியா எட்டில் ஒரு பங்கு, 12.5 சதவீதம். ஒருத்தி தங்கச்சி, இன்னொருத்தி முறைப்பொண்ணுன்னு பிரிச்சது பண்பாடு.

வேர்கள்: எழுதினது நான்தான். சித்தப்பா மகள் பங்காளி ரத்தம், ஒரே ஒய் குரோமோசோம். படிச்சுட்டு வா தம்பி.

பல்லவன்சாலை: பொண்ணுக்கு ஏது சார் ஒய் குரோமோசோம்? சித்தப்பாவோடது அவர் மகனுக்குத்தான் போகும். சரி, சித்தி மகள் பங்காளியே இல்லையே, அவளும் ஏன் தங்கச்சி?

வேர்கள்: அது தாய்வழி. செல்லுக்கு ஆற்றல் தர்ற மைட்டோகாண்ட்ரியா ஒண்ணு.

பல்லவன்சாலை: பிள்ளைக்கு மைட்டோகாண்ட்ரியா தாய்கிட்டேருந்து மட்டும்தான் வரும். அப்பாவோடதும் அதே வகைன்னா என்ன கெடுதல்? குறையுள்ள ஒடுங்கு மரபணு, அதாவது ஒண்ணு மட்டும் இருந்தா வெளியே தெரியாதது, ரெண்டு பக்கத்திலிருந்தும் சேர்ந்து வந்தாத்தான் நோய். அந்த வாய்ப்பு அக்கா மகளைக் கட்டினா இன்னும் கூடுது. அவளோட பொதுவானது 25 சதவீதம், சித்தப்பா மகளைப் போல ரெண்டு மடங்கு. அதை ஏன் அனுமதிச்சாங்க?

எழும்பூர்வாசி: சதவீதத்தை விட்டு முறைப்பெயரைப் பாருங்க. முக்கோணம் ஆண், வட்டம் பெண், இரட்டைக்கோடு கல்யாணம்னு வரைஞ்சாலே புரியும். அப்பாவும் அவர் அண்ணன் தம்பியும், இல்லே அம்மாவும் அவங்க அக்கா தங்கச்சியும்னா, பிள்ளைங்க உடன்பிறப்பு. அண்ணனும் தங்கச்சியுமா இருந்தா அவங்க பிள்ளைங்க முறை. பெரியப்பா, சித்தப்பாவில் 'அப்பா' ஒட்டியிருக்கே! சொந்தமே இல்லாத வீட்டில் பொண்ணெடுத்தாலும் மாமனார் மாமாதான். அமெரிக்கப் பழங்குடியான செனெகா மக்களோட உறவுமுறையும் தமிழ் உறவுமுறையும் இந்த மாதிரி ஒத்துப்போகுதுன்னு அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் 1871லேயே எழுதிட்டார்.

வேர்கள்: எழும்பூர் மியூசியத்தில் நம்மாளுங்க மூக்கை அளந்த தர்ஸ்டன் கூட்டம்தானே அவரும்?

எழும்பூர்வாசி: தர்ஸ்டன் மியூசியத்துக்கு வந்தது 1885. மார்கன் 1881லேயே செத்துட்டார். மூக்கை அளக்கிறது உடல் மானிடவியல், உறவுமுறையைப் பார்க்கிறது பண்பாட்டு மானிடவியல். அறிமுகம் எழுதறவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வேணாமா?

வேர்கள்: அபார்ட்மென்ட் பிள்ளைங்க எல்லாரையும் அங்கிள்னு கூப்பிடுதுங்க. மாமாவும் சித்தப்பாவும் ஒண்ணாயிட்டாங்க. அதைக் கேட்க ஆளில்லை, என்னைக் கேட்க வந்துட்டீங்க.

பல்லவன்சாலை: பேச்சை மாத்தாதீங்க. 1955 இந்து திருமணச் சட்டம் சித்தப்பா மகள், மாமன் மகள், அக்கா மகள் மூணையும் தடைசெய்த உறவுன்னுதான் சொல்லுது. ரெண்டு தரப்பிலும் வழக்கம் இருந்தா மட்டும் கல்யாணம் செல்லும். வழக்கம்னு எழுதியிருக்கு சார், மரபணுன்னு இல்லை.

வேர்கள்: கோலம் பத்தின பழைய விவாதத்திலும் இப்படித்தான் முன்னோரை மட்டம் தட்டினீங்க. மறக்கலை. பங்காளி ரத்தம் பங்காளி ரத்தம்தான்.

பல்லவன்சாலை: அக்கா மகள், 25 சதவீதம். இன்னும் பதில் வரலை.