பொந்தில் ஆந்தைக் குஞ்சுகள்: அந்தியில் ஃபிளாஷ் போடலாமா?

கேள்வி:
மேலூர்ப் பக்கம் எங்கள் கண்மாய்க் கரைப் புளியமரப் பொந்தில் புள்ளி ஆந்தை குஞ்சு பொரித்திருக்கிறது. மூன்று குஞ்சுகள். பொழுது சாயும்போது வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுகின்றன. கழுத்தில் இன்னும் பஞ்சு போலத் தூவி. ஆறரைக்கு மேல் படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை. ஃபிளாஷ் போடலாமா?

பதில்:
வேண்டாம் தம்பி, இருட்டுக்குப் பழகிய கண். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) 3200, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/60 நொடி வைத்துப் பாருங்கள். தலையாட்டி ஓயும் நொடியில் அழுத்துங்கள். படம் கொஞ்சம் சொரசொரப்பாக வரும், வரட்டும்.

ஒருமுறை நான் பத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தாய் எதிர்ப் பனையில் வெட்டுக்கிளியை அலகில் வைத்தபடியே இருந்தது, பொந்துக்கு வரவே இல்லை. உள்ளே குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. நான் எழுந்து போன பிறகுதான் இரை கொடுத்தது. அந்தச் சத்தம் இன்னும் உறுத்துகிறது.

இன்னொரு பதில்:
இடத்தை மட்டும் வெளியில் போடாதீர்கள். மாந்திரீகத்துக்கு ஆந்தை பிடிப்பவர்கள் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம்.

கேட்டவர்:
சரி அண்ணே. இன்று வேலிக்கருவை மறைவில், அறுபது அடி தள்ளி நின்றேன். தாய் இரண்டு தடவை வந்து போனது.