மறு: நூதனசாலைப் பட்டியலுக்குச் சொல் வேண்டும் – புரொவனன்ஸ்

நண்பர்களுக்கு வணக்கம்.

புரொவனன்ஸ், அதாவது ஒரு பொருள் யார் யார் கை மாறி நூதனசாலைக்கு வந்தது என்ற வரலாறு, என்பதற்கு இந்தக் குழுவில் இதுவரை மூலம், தோற்றுவாய், பூர்வீகம், உடைமை வரலாறு என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. என் பரிந்துரை: வந்தவழி.

முதல் மூன்று சொற்களும் ஒரு பொருள் எங்கே தொடங்கியது என்பதோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு அது யார் யார் கைக்குப் போனது, எப்படிப் போனது, இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் காலி நகரத்து மும்மொழிக் கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல். தலைப்பில் இரண்டு டிராகன்கள், வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதற்குக் கீழே பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கின்றன. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களோடு வந்தது. தெனாவரை நாயனார் குடிகொண்டிருந்த தெவிநுவரக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். கல்லோ 1911இல் காலி நகரத்தில், ஒரு மதகை மூடிய பலகைக்கல்லாக, எழுத்துப் பக்கம் கீழே பார்த்தபடி ஒரு பொறியியலாளர் கண்ணில் பட்டது. அப்புறம்தான் கொழும்புக்கு வந்தது. இதற்கு 'மூலம்: சீனா' என்று அட்டை எழுதினால் பிழை இல்லை. ஆனால் கோயிலும் போர்த்துக்கேயரும் மதகும் மறைந்துபோகும். எனக்கு அந்த மதகு முக்கியம். எழுத்துப் பக்கம் கவிழ்ந்து கிடந்த காலமும் அந்தக் கல்லின் வரலாறுதான்.

> உடைமை வரலாறு என்றால் இதெல்லாம் அடங்கிவிடுமே?

அடங்கும், ஆனால் 'உடைமை' என்ற சொல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. லெவ்கே திசாவை (திசாவை என்றால் மாகாணத் தலைவர்) கண்டி அரசருக்குக் கொடுத்த பீரங்கி இருக்கிறதல்லவா, வெண்கலத்தில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது? 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அது அவர்கள் கையில் சிக்கியது. நெதர்லாந்து ஆட்சியாளரின் சேகரிப்புக்குப் போய், பிறகு ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துக்குப் போய், 2023இல் மற்ற ஐந்து பொருட்களோடு திரும்பி வந்தது. இதை உடைமை வரலாறு என்று எழுதினால் சூறையாடியவரையும் 'உடையவர்' என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியே அங்கேதான் இருக்கிறது. தலைப்புச் சொல்லே அதற்குப் பதில் சொல்லக்கூடாது. வந்தவழி யார் பக்கமும் சாயாது. வாங்கினதும் வழிதான், பரிசாக வந்ததும் வழிதான், பறித்ததும் வழிதான். எது என்று அடுத்த வரியில் எழுதவேண்டும், மழுப்ப இடமில்லை.

> சரி, ஆனால் பேச்சுத் தமிழ் மாதிரி இருக்கிறது. கலைச்சொல்லுக்குரிய கட்டு இல்லை.

இதை நான் ஏற்கவில்லை. சொத்தை அது வந்த வழியை வைத்துப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் பதியவைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையில் சொத்தின் வகைகளே அப்படித்தான்: பெற்றோர் வழியாக வந்தால் முதுசம், கல்யாணத்தோடு வந்தால் சீதனம், மணவாழ்வில் சம்பாதித்தால் தேடிய தேட்டம். இன்றைக்கும் காணிப் பேச்சில் தாய்வழி, தகப்பன்வழி என்கிறோம். நொத்தாரிசு உறுதி (காணிப் பத்திரம்) எழுதுமுன் காணி எப்படி வந்தது என்றுதான் முதலில் கேட்பார். ஆகவே இது புழக்கத்தில் தேய்ந்து பதமான சொல். பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கும் நூதனசாலையில் அட்டையைப் படித்தவுடன் விளங்கவேண்டும் என்பது எனக்குக் கலைச்சொல்லின் கட்டுக்கோப்பைவிடப் பெரிது.

'வருவழி' என்று வினைத்தொகையாக்கலாம் என்ற யோசனை அழகானது. முக்காலமும் அடங்கும் என்பதும் சரி. ஆனால் நன்னூலில் 'வழி' ஏழாம் வேற்றுமை உருபுகளில் ஒன்று. இலக்கணம் படித்தவர் கண்ணுக்கு வருவழி என்றால் 'வருமிடத்து' என்றே படும். அதனால் வேண்டாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று கண்டெடுத்த இடம். அதற்குத் தனிச்சொல் வேண்டாம், அப்படியே 'கண்டெடுத்த இடம்' போதும். பிரித்தானிய நூதனசாலையில் நிற்கும் பொன் பூசிய, பௌத்தப் பெண்தெய்வமான தாராவின் சிலைக்குக் கொடுத்தவர் பெயர் உண்டு: இலங்கையின் முன்னாள் ஆளுநர் பிரவுன்றிக், 1830. கண்டெடுத்த இடமோ 'திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்' என்பதுதான். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரையை ஒரு வரியில் அடக்கிவிட்டார்கள். வந்தவழி ஓரளவு தெரிந்தும் இடம் தெளிவில்லாமல் நிற்கிறது. இரண்டும் அட்டையில் இரண்டு வரியாக வரவேண்டும் என்பது இதனால்தான்.

சுவடிக்கூடத்துக்காரர் புரொவனன்ஸ் என்று சொல்வது கொஞ்சம் வேறு. அங்கே இந்தத் தாள்கட்டு எந்த அலுவலகத்தில் உண்டானது என்பதே கேள்வி. ஒரு அலுவலகத்தின் தாளை இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்பது விதி. கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏறத்தாழ 7,000 தொகுதிகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காணி, கோயில், வணிகம் என்று பொருள்வாரியாக அடுக்கினால் யார் யாருக்கு எதற்காக எழுதியது என்பது தொலைந்துபோகும். அந்த விதிக்கு 'வந்தவழிக் கோட்பாடு' பொருந்தும் என்றே நினைக்கிறேன். சொல் சற்று நீட்டப்படுகிறது, ஆனால் அறுந்துவிடவில்லை.

ஆக, வந்தவழி ஆய்வு, வந்தவழிக் குறிப்பு, வந்தவழிக் கோட்பாடு. சொற்றொடரில் 'பீரங்கியின் வந்தவழி' என்று பெயராக வரும்போது சேர்த்தே எழுதுவோம். பிரித்தால் வினையாகப் படிப்பார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு அமையவில்லை. காலிக் கல்லுக்கு இருப்பதுபோல் நடுவில் எதுவும் பதிவாகாத காலத்தை ஆய்வாளர் தனியாகக் குறிப்பார்கள். 'வழியறு காலம்' என்று போட்டுப் பார்த்தேன், திருப்தி இல்லை. பழைய உறுதிகளோடு பழகியவர்கள், முக்கியமாகத் தோம்பு (பழைய காணிப் பதிவேடு) படித்தவர்கள், இடையில் உறுதி விட்டுப்போன காணியை எப்படிச் சொல்வார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து