எங்கள் எஸ்டேட் லேபர் கிளப்பை மூடுகிறார்கள், சாமான்களைப் பங்கு போடலாமா?

லயத்துப்பையன்:
மூணாறு பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் டிவிஷனில் இருக்கும் லேபர் கிளப்பை, அதாவது தொழிலாளர் பொழுதுபோக்கு மன்றத்தை, இந்த மாதத்தோடு பூட்டப் போகிறார்களாம், நேற்று அப்பா போனில் சொன்னார். அவர் பதினோரு வருஷம் செயலாளராக இருந்தவர். எண்பது பேருக்கு மேல் சம்பளத்தில் சந்தா பிடித்தம் இருந்த இடத்தில் இப்போது மிச்சம் ஒன்பது பேர். இரண்டு கேரம் போர்டு, ஒரு இரும்பு பீரோ, பந்தாட்டத்தில் ஜெயித்த கப்புகள், அப்புறம் பழைய சந்தா நோட்டு இருக்கிறது. அந்த நோட்டில் கையெழுத்தைவிடக் கைநாட்டுதான் அதிகம், எங்கள் தாத்தா வைத்ததும் ஒன்று. எல்லாவற்றையும் விற்று ஒன்பது பேரும் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இது சரியா?

போடிமெட்டுக்காரர்:
தம்பி, படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. டிவி வந்து கெட்டது, செல்போன் வந்து கெட்டது என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரிட்டயர் ஆனால் லயத்து வீட்டை, அதாவது கம்பெனி கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும், பிள்ளைகளும் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள், அப்புறம் கிளப்புக்கு யார் வருவது? எங்கள் காலத்தில் மத்தியானம் பஸ்ஸில் வரும் தமிழ்ப் பேப்பரை ஒருவர் சத்தமாகப் படிக்க, எழுத்துத் தெரியாத இருபது பேர் சுற்றி உட்கார்ந்து கேட்போம். ஃபின்லே ஷீல்டு கால்பந்து மேட்ச் என்றால் மொத்த டிவிஷனும் பழைய மூணாறு மைதானத்துக்கு இறங்கிவிடும். அந்த நோட்டை மட்டும் பழைய பேப்பர் கடைக்கு விட்டுவிடாதே.

தேவிகுளம்வக்கீல்:
முதலில் கிளப் பதிவு செய்ததா என்று பாருங்கள். கட்டடம் கம்பெனியுடையதாக இருக்கும், அதை விடுங்கள். பதிவு இருந்தால் 1955ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி சங்கப் பதிவுச் சட்டம் பொருந்தும். சங்கத்தைக் கலைக்க உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்குப் பேராவது ஓட்டுப் போட வேண்டும், ஒன்பது பேரில் ஆறு பேர். கடன் போக மிஞ்சுவதை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது, வேறொரு சங்கத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று, தொழிலாளருக்குப் பொழுதுபோக்கு வசதி செய்து தரச் சொல்லி நிர்வாகத்துக்கு விதி போடலாம் என்று 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொன்னது. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த இடமில்லை அது.

கொழுந்துக்காரி:
அண்ணே, ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கொழுந்து எடுப்பதில் முக்கால்வாசி நாங்கள், ஆனால் அந்த வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதே கிடையாது, டிவிகூட ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். 2015இல் 20 சதவீத போனஸ் கேட்டுப் பெம்பிளை ஒருமை என்று பெண் தொழிலாளர்களாகச் சேர்ந்து ரோட்டில் உட்கார்ந்தபோதும் கூடிப் பேச எங்களுக்கு இடம் இல்லை, பிள்ளைக் காப்பகத் திண்ணையில்தான் பேசினோம். இப்போது லயத்தில் பாதி ஜார்கண்ட் ஆட்கள், சாயங்காலம் அவர்களும் போக இடமில்லாமல் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பூட்டுவதற்கு முன்னால் எங்களையும் அவர்களையும் உறுப்பினராகச் சேருங்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.

லயத்துப்பையன்:
அக்கா, கோபமே இல்லை. எங்கள் அம்மாவும் உள்ளே போனதில்லை, நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. வக்கீல் சார், அப்பாவிடம் கேட்டேன், பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறார்களாம், கேரம் பவுடர் அப்பிக் கிடந்ததில் யாரும் கவனிக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்ததும் உடுமலை வழியாக ஊருக்குப் போகிறேன். ஒன்பது பேரையும் உட்கார வைத்து அக்கா சொன்னதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன். நோட்டை அதுவரை வீட்டில் கொண்டுவந்து வைக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.