தாயக்கட்டை மெட்டு: ஒரு புதுப்பிப்பு
தாயக்கட்டையை உருட்டி மெட்டுப் போடும் முயற்சி இது. போன வாரம் புலம்பியிருந்தேனே, வீணை சாம்பிளில் (பதிந்து வைத்த வீணை ஒலியில்) மூன்று ஸ்வரம் சேர்த்து அடித்தால் காந்தாரத்தை மட்டும் இறக்க முடியவில்லை, மூன்றும் சேர்ந்தே இறங்குகிறது என்று. தீர்ந்தது. மிடியில் (கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் முறை) பிட்ச் பெண்ட், அதாவது சுருதியை ஏற்றி இறக்கும் கட்டளை, ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரத்துக்கும் பாயும். ஸ்வரத்துக்கு ஒரு சேனல் என்று பிரித்ததும் வழிக்கு வந்தது. கீபோர்டின் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட் (பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). ஸட்ஜத்தின் அதிர்வெண்ணுக்கு 5/4 விகிதத்தில் வைத்தால் 386தான். அந்த 14 சென்ட் இறங்கியதும் தம்புராவோடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

அடுத்த கூத்து, தாயக்கட்டை. ஒரு கட்டைக்கு நாலு முகம்: 1, 2, 3, ஒன்று வெறுமை. ஜோடிக் கட்டையை உருட்டினால் 1 முதல் 6, அப்புறம் 12. மொத்தம் ஏழு, ஏழு ஸ்வரத்துக்கும் கச்சிதம் என்று வரிசையாக ஒதுக்கி (3 காந்தாரம், 6 தைவதம், 12 நிஷாதம்) உருட்ட ஆரம்பித்தேன். எங்கே திரும்பினாலும் காந்தாரம்! உட்கார்ந்து எண்ணினால், 16 சேர்க்கையில் 3 விழ 4 வழி, 12 விழ ஒரே வழி (இரண்டு கட்டையும் வெறுமையாக விழணும்). நிஷாதம் பாவம், எட்டிப்பார்க்கவே இல்லை. சரிசெய்யாமல் விட்டுவிட்டேன். காந்தாரம் ஜீவஸ்வரம் (ராகத்துக்கு உயிரான ஸ்வரம்) மாதிரி நிற்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

மிச்சத் தொல்லை ஒன்று. மயிலாப்பூர் வீட்டில் ஃபேனை அணைத்து, வியர்க்க வியர்க்கப் பதிந்த சாம்பிள்களில் தைவதத்தின் வாலில் மட்டும் குக்கர் விசில். அம்மா கேட்டுவிட்டு, "ஆறு விழுந்தா நம்ம குக்கர் கத்துதேடா!" என்கிறாள்.