கிள்ளை நம்ம ஊர் குழு: சனிக்கிழமைக் கூட்டம்

செல்வி (காலை 6:40)
எல்லோருக்கும் வணக்கம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டு வாய்க்கால்களைத் தூர்வாருவது பற்றிப் பேச வரும் சனிக்கிழமை காலை 11 மணிக்குப் பேரூராட்சி அலுவலகத்தில் கூட்டம். வனத்துறை, படகோட்டிகள், மீனவர் பஞ்சாயத்து, கான்சாகிப் வாய்க்கால் விவசாயிகள், எம்.ஜி.ஆர். நகர் மக்கள் எல்லோரும் வர வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.

குமார் படகு (6:52)
அக்கா, சனி ஞாயிறு எங்களுக்குத் துடுப்பைக் கீழே வைக்க நேரம் இருக்காது. வேறு நாள் பாருங்கள்.

லட்சுமி, எம்.ஜி.ஆர். நகர் (7:05)
சனிக்கிழமை 11 மணிக்குத் தண்ணீர் வத்தம், கடல் தண்ணீர் இறங்கிக் கிடக்கும் நேரம். நாங்கள் ஓடைக்குள் இருப்போம். போன கூட்டத்தையும் வத்த நேரத்தில்தான் வைத்தார்கள். எங்கள் பக்கம் ஒருவராலும் வர முடியவில்லை. அதற்கு, எங்களுக்கு அக்கறை இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அது இன்னும் உறுத்துகிறது.

ரவி, சென்னை (7:11)
ஊருக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வரக் கூடாதா அக்கா?

லட்சுமி, எம்.ஜி.ஆர். நகர் (7:20)
தம்பி, நாங்கள் வலை போட்டுப் பிடிப்பவர்கள் இல்லை. பனையோலைப் பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் எடுக்கிறோம். சிப்பி ஓடு கிழிக்காத விரல் எங்கள் தெருவில் கிடையாது. தண்ணீர் ஏறிவிட்டால் கை தரைக்கு எட்டாது. அன்றைய இறால்தான் அன்றைய அரிசி.

ரவி, சென்னை (7:22)
மன்னியுங்கள் அக்கா. தெரியாமல் கேட்டுவிட்டேன்.

பெரியப்பா (7:40)
லட்சுமி சொல்வது நியாயம். அவர்கள் இல்லாமல் இந்தக் கூட்டத்தை வைக்கவே வேண்டாம். சின்னவர்களுக்குத் தெரியட்டும் என்று ஒரு விஷயம் சொல்கிறேன். 1970கள் வரை இந்தக் காட்டில் கூப்பு போட்டு, அதாவது பகுதி பகுதியாகப் பிரித்து, மரங்களை மொட்டையாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்து சட்டி மாதிரி குழிந்துவிட்டது. ஏறி வந்த கடல் தண்ணீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே நின்று வெயிலில் வற்றியது. உப்புதான் மிச்சம். உப்பைத் தாங்கும் வெண்கண்டல் மரம்கூட அந்த மண்ணில் பிழைக்கவில்லை.

பெரியப்பா (7:46)
அப்புறம் 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள். ஏத்தத்தில் தண்ணீர் உள்ளே போகும், வத்தத்தில் உப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே வரும். அதன் பிறகுதான் கன்று பிடித்தது. கிளை தூர்ந்தால் மறுபடி பழைய கதைதான்.

லட்சுமி, எம்.ஜி.ஆர். நகர் (8:02)
📷 புகைப்படம்
நேற்று மகன் எடுத்தது. கீழண்டைப் பக்கம் மூன்று கிளைகளில் சேறு முழங்காலுக்கு மேல் இருக்கிறது. வத்தத்திலும் தண்ணீர் வடியவில்லை. ஓரத்துக் கன்றுகளின் இலை மஞ்சளாகிவிட்டது. சேற்றின் மேல் வெள்ளையாகத் தெரிவது உப்பு.

செல்வி (8:06)
அக்கா, தூர்வார வேண்டிய பட்டியலில் இந்த மூன்றும் இல்லவே இல்லை!

முருகேசன், விவசாயி (8:15)
வருவதற்கு எனக்குச் சிரமமில்லை. ஆனால் எங்களை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்று புரியவில்லை. கான்சாகிப் தண்ணீர் வயலுக்கே போதவில்லை.

பெரியப்பா (8:24)
அதற்காகத்தான் முருகேசா. அந்த வாய்க்காலில் வரும் நல்ல தண்ணீர்தான் காட்டின் உப்பைத் தணிக்கிறது. வெறும் கடல் தண்ணீரைக் குடித்துச் சுரபுன்னை மரம் செழிக்காது. மேலே எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள், எந்த மதகு பழுது என்பதெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்? 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எப்படித் தப்பின என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முருகேசன், விவசாயி (8:27)
சரிங்க. மதகு விஷயத்தை அங்கேயே பேசுகிறேன்.

ரவி, சென்னை (8:30)
2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நாங்கள் எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். கிளை தூர்ந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. கூலிக்கு என்னால் முடிந்ததை அனுப்புகிறேன்.

குமார் படகு (8:41)
வத்தம் ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். சனிக்கிழமை 11 என்றால் செவ்வாய் அன்று மதியம் ஒன்றரை வாக்கில் வரும். அன்று காலை 7 மணிக்குத் தண்ணீர் நன்றாக ஏறி நிற்கும். அவர்களும் வரலாம், நாங்களும் சவாரிக்கு முன்னால் வந்துவிடலாம்.

லட்சுமி, எம்.ஜி.ஆர். நகர் (8:44)
செவ்வாய் 7 மணி சரி. எங்கள் தெருவிலேயே வையுங்கள். பெண்களும் வருவார்கள்.

செல்வி (10:15)
வனச்சரகரிடம் பேசிவிட்டேன். செவ்வாய் காலை வருகிறார். காப்புக்காடு என்பதால் மண்வெட்டி வைக்கும் முன் எழுத்தில் அனுமதி வேண்டும். அந்த மூன்று கிளைகளையும் சேர்த்துக் கேட்போம். மீனவர் பஞ்சாயத்திலிருந்து இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

லட்சுமி, எம்.ஜி.ஆர். நகர் (10:21)
பேசி முடித்ததும் கலைந்துவிட வேண்டாம். ஒன்பது, பத்து மணிக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிடும். எங்கே வடிகிறது, எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு படகு மட்டும் வேண்டும்.

குமார் படகு (10:22)
படகு என் பொறுப்பு அக்கா.

முருகேசன், விவசாயி (10:30)
பால் கறந்துவிட்டு வந்துவிடுகிறேன். படகில் எனக்கும் ஒரு இடம் வையுங்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கிளைப் பக்கம் நான் போனதே இல்லை.