இரவு ரயிலில் வீல்சேரோடு அப்பாவை அழைத்துப் போகணும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

தூங்காதவன்:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 2 வருடம் ஆகிறது. வலது கையும் காலும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்பார், நாலு அடி வைப்பார், அதற்கு மேல் வீல்சேர்தான் (மடக்குகிற வகை, கையால் தள்ளுவது). அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், 11 மணி நேர இரவுப் பயணம். அவ்வளவு நேரம் காரில் உட்கார அவரால் முடியாது, அதனால் ரயில். நானும் அம்மாவும் கூடப் போகிறோம். எப்படி ஏற்றுவது, ராத்திரி பாத்ரூமுக்கு என்ன வழி, வீல்சேரை எங்கே வைப்பது, இந்த மூன்றும்தான் மண்டையைக் குடைகிறது. அவரானால் "மத்தியானத்திலிருந்து தண்ணி குடிக்க மாட்டேன், அவ்வளவுதானே" என்று சுலபமாக முடித்துவிட்டார்.

பெட்டிபடுக்கை:
முதலில் டேப் எடுத்து வீல்சேரை அளங்கள். சீட்டை இல்லை, சக்கரத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்குமே, கையால் சுழற்றுகிற வளையம், இந்தப் பக்க வளையத்திலிருந்து அந்தப் பக்க வளையம் வரை. சீட் 45 செ.மீ. என்றால் மொத்த அகலம் 65 பக்கம் வந்து நிற்கும். அப்புறம் ரயில்வேக்கு போன் போடுங்கள், ஆனால் "வீல்சேர் உள்ளே போகுமா" என்று மட்டும் கேட்காதீர்கள், தாராளமாகப் போகும் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். கதவிலிருந்து படுக்கை வரைக்கும் எந்த இடம் ரொம்பக் குறுகல், அங்கே எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். வாசல் அகலமாகத்தான் இருக்கும், உள்ளே திரும்புகிற மூலையில் மாட்டிக்கொள்ளும். நாங்கள் ஒரு தடவை பாதி உள்ளே, பாதி வெளியே என்று நின்றுவிட்டோம், பின்னால் பெட்டியும் கையுமாக ஒரு கூட்டமே காத்திருந்தது, அம்மா அன்றைக்கு அழுதே விட்டார்.

வீல்சேர் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஐஎஸ்ஓ 7193 என்று ஒரு பழைய சர்வதேச அளவு இருக்கிறது, 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளம். அந்தக் கணக்கில் கட்டிய வீல்சேர் இடம் அந்த ரயிலில் இருந்தால் யோசிக்காமல் அதையே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பெட்டிக்குள் ஆளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற ஒடுக்கமான நாற்காலி ஏதாவது அவர்களிடம் இருக்கிறதா, சாய்தளம் இருக்கிறதா, யார் கொண்டு வருவார்கள் என்பதையெல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே பேசிவிடுங்கள். இறங்குகிற ஸ்டேஷனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏறுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு இறங்குவதை மறந்துவிடுகிற ஆட்கள் நிறைய.

சாய்தளத்தில் ஏறும்போது முன்பக்கமாகத் தள்ளுங்கள், இறங்கும்போது பின்பக்கமாக இறக்குங்கள். முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரம் பிளாட்பார இடுக்கில் இறங்கிவிட்டால் ஆள் குப்புற விழ வேண்டியதுதான்.

வலிக்கு_வைத்தியம்:
நான் பிசியோதெரபிஸ்ட். மற்றதெல்லாம் சொல்லிவிட்டார்கள், அப்பாவின் நல்ல கை எந்தப் பக்கம் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. கீழ்ப் படுக்கை வாங்கினால் போதாது, தலையணையை எந்தப் பக்கம் போடுகிறீர்கள் என்பதில்தான் விஷயம். மல்லாந்து படுத்தால் அவருடைய இடது கை சுவர்ப் பக்கம் போகாமல் வெளிப் பக்கம் வர வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கம் புரண்டு, இடது கையை ஊன்றி அவரே எழுந்து உட்கார முடியும். தலையணை மாறிப் போனால் வராத கை வெளியே வந்துவிடும், ராத்திரி முழுக்க நீங்கள்தான் தூக்கிவிட வேண்டும்.

நாற்காலியும் எப்போதும் நல்ல பக்கம்தான். படுக்கையிலிருந்து இறங்கும்போது அது தலைமாட்டை ஒட்டி நிற்கும். திரும்ப வந்து ஏறும்போது கால்மாட்டை ஒட்டி, அவர் தலைமாட்டைப் பார்த்தபடி வர வேண்டும். படித்தால் குழப்பும், வீட்டுக் கட்டிலில் இரண்டு தடவை செய்து பாருங்கள், சரியாகிவிடும். வலது அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே தூக்காதீர்கள், அந்தத் தோள் நழுவிவிடும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். ஸ்டேஷன் வர முக்கால் மணி நேரம் முன்பே எழுப்பி, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, அப்புறம் நிற்க வையுங்கள். படுத்தவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், அதிலும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாலுசக்கரம்:
வீல்சேரில் இருக்கிறவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். தண்ணீரை நிறுத்த விடாதீர்கள். நானும் அப்படிச் செய்து, போன இடத்தில் சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாகக் கிடந்திருக்கிறேன். பகலில் எப்போதும்போலக் குடிக்கட்டும், படுப்பதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளட்டும், ஏறுவதற்கு முன் ஸ்டேஷனிலேயே ஒரு தடவை போய் வந்துவிடட்டும். ராத்திரிக்கு மூடி போட்ட யூரின் பாட்டில், ஒரு போர்வை. ஓடுகிற ரயிலில் பாத்ரூம் வரை நடத்திக் கூட்டிப் போவது வீரம், தேவையில்லாத வீரம். பாட்டிலில் போக அவருக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் முன்கூட்டியே வீட்டிலேயே பழக்கிவிடுங்கள், முதல் தடவை ரயிலில் என்றால் வராது.

வீல்சேரைக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். யாராவது வந்து "நாங்க பத்திரமா வேற பெட்டியில வைக்கிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அப்படி வைத்து, இறங்கும்போது அதைத் தேடி ஓடி, ரயில் நகரத் தொடங்கியபோதுதான் ஒருவர் கதவு வழியாக நீட்டினார். ஒரு கால்தட்டு வரவே இல்லை. அன்றிலிருந்து கால்தட்டு, குஷன் இரண்டையும் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

பிரேக்கை நம்பி விட்டுவிடாதீர்கள். அது டயரை அழுத்துகிற ஒரு கம்பி, அவ்வளவுதான். டயரில் காற்று கம்மியாக இருந்தால் அழுத்த எதுவும் இருக்காது, ரயில் வளைவில் திரும்பும்போது நாற்காலி தானாகக் கிளம்பிவிடும். மடக்கி, பெல்ட்டால் எதிலாவது கட்டி வையுங்கள்.

அப்புறம், இதையெல்லாம் அப்பாவிடம் காட்டினீர்களா?

தூங்காதவன்:
எல்லாருக்கும் நன்றி. அளந்தேன், வளையத்தோடு 64. போன் செய்தேன், மூன்று பேரிடம் மாற்றி மாற்றிப் பேசிய பிறகு குறுகலான இடம் 60 என்று தெரிந்தது. அதனால் வாசல் வரை வீல்சேர், உள்ளே அவர்களுடைய ஒடுக்கமான நாற்காலி என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

நேற்று ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒத்திகை பார்த்தோம். தலைமாடு, கால்மாடு விஷயம் முதலில் எனக்குத்தான் புரியவில்லை, அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பாட்டில் பற்றி இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்தப் பதில்களை எல்லாம் வாசித்துக் காட்டினேன், கடைசிவரை கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், மூணு மாசமா டயர் சப்பையா இருக்கு, முதல்ல போய் காத்து அடிச்சிட்டு வா" என்றார்.